வண்டிக்கு நெத்தி எது

கச்சிராயபாளையத்தைத் தாண்டி மலை ஏறத் தொடங்குற இடத்துல ஒரு முனியப்பன் இருக்காரு. கோயிலுன்னு பேருதான், கூரையும் கிடையாது, சுவரும் கிடையாது. ஒரு வேப்பமரம், அதுக்கடியில மூணு கல்லு, துருப்பிடிச்ச வேலு ஏழெட்டு. அவ்வளவுதான் அவரு சொத்து. ஆனா அவரைக் கேக்காம வெள்ளிமலைக்கு ஒரு வண்டி ஏறாது. பஸ்ஸே நிக்கும். டிரைவரு இஞ்சினை அணைக்க மாட்டாரு, இறங்கவும் மாட்டாரு. பூசாரி பம்பர் மேல காலை வெச்சு ஏறி, முன் கண்ணாடியில மூணு விரலால திருநீத்துப் பட்டை ஒண்ணு இழுத்துட்டு இறங்கினாத்தான் கியரு விழும். மரவள்ளி லாரி, ஜீப்பு, டிராக்டரு எல்லாத்துக்கும் இதே சட்டம். கண்ணாடி இல்லாத வண்டிக்கு முன்லைட்டுல. மனுசனுக்கு நெத்தி எப்படியோ வண்டிக்குக் கண்ணாடி அப்படி. இதை யாரு எழுதி வெச்சாங்கன்னு கேக்காதீங்க, அங்க யாரும் கேட்டதில்ல.

இது தொண்ணூத்தி மூணுல நடந்தது. அப்ப பூசாரி ஒரு பொம்பளை. காசியம்மா, வயசு நாப்பத்தஞ்சு இருக்கும். புருஷன் வேடியப்பன்தான் பூசாரியா இருந்தவன். முந்தின மாசியில மஞ்சக்காமாலையில போயிட்டான். போறப்ப கட்டிலோட கோயிலுக்குத் தூக்கியாரச் சொல்லி, பொண்டாட்டி கையால நெத்தியில திருநீறு வாங்கிக்கினு, தட்டை அவகிட்டயே ஒப்படைச்சிட்டுப் போனான், அதுல வந்துது வினை. கூடப் பொறந்த தம்பி இருசப்பன் கல்லு மாதிரி உயிரோட இருக்கறப்ப தட்டு எப்படி பொம்பளை கைக்குப் போவும்? அவன் கேட்டதுல நாயம் இருக்குன்னு பங்காளிங்கள்ல பாதிப் பேரு தலையாட்டினாங்க. மீதிப் பேரு வேடியப்பன் வார்த்தையை மீறக்கூடாதுன்னாங்க. கடைசியா பெரிய பங்காளி கொளஞ்சியப்பன் ஒரு தீர்ப்பு சொன்னாரு. "ஒரு வருஷம் பாப்பம். முனியனுக்கு இவ கை புடிக்கலன்னா வண்டிங்களே காட்டிக் குடுத்துடும். அடுத்த மாசி அமாவாசையில ஒக்காந்து முடிவு பண்ணிக்கலாம்."

அதாவது, எந்த வண்டியாவது இவ கையால பட்டை வாங்காம ஏறிச்சுன்னா, அது சாமி முகத்தைத் திருப்பிக்கிட்டதுக்கு அடையாளம். கொளஞ்சியப்பன் இதை ரொம்ப யோசிச்சுச் சொன்ன மாதிரிதான் சொன்னாரு. ஆனா அந்த ஆளு யோசிக்கிறதுக்கும் சும்மா பீடி குடிக்கிறதுக்கும் வெளியிலேருந்து பாத்தா வித்தியாசம் தெரியாது.

காசியம்மாவுக்குக் காணி நிலம் கிடையாது. தட்டு போச்சுன்னா ஆலைக்குக் கரும்பு வெட்டத்தான் போவணும். வெட்டாதவ இல்ல, இருவது வருஷம் வெட்டினவதான். உழைப்புக்கு அவ பயப்படல. "ஏ காசி, இன்னும் ரெண்டு கட்டு தூக்கு"ன்னு கத்தின மேஸ்திரி, இப்ப அதே வாயால "பூசாரிம்மா, நம்ம வண்டிக்குக் கொஞ்சம் நல்லா வெச்சு வுடுங்க"ன்னு நிக்கிறான். அந்த 'ங்க' போயிடுமேன்னுதான் அவளுக்குத் தூக்கம் வரல. நெஞ்சைத் தொட்டுச் சொன்னா அவ ஆசை அவ்வளவுதான், அது ஒண்ணும் பேராசை இல்ல.

வருஷம் பூரா எல்லா வண்டியும் நின்னு வாங்கிக்கிச்சு, ஒரே ஒரு வண்டியைத் தவிர.

அது வீரமுத்து சாரோட புல்லட்டு. சங்கராபுரத்துப் பக்கத்து ஆளு, மலையில மாடுங்களுக்கு ஊசி போடுற உத்தியோகம். டாக்டரு கிடையாது, ஆனா மலையில டாக்டருன்னுதான் சொல்வாங்க. அவரு வண்டிக்கு முன்னால, ஹேண்டில்பாரு மேல, ஓட்டறவரு முகம் உசரத்துக்கு ஒரு கண்ணாடி நிக்கும். சென்னையில பழைய சாமான் கடையில தேடிப் புடிச்சு வாங்கி மாட்டினது. அந்தச் சுத்துவட்டாரத்துல அந்த மாதிரி வேற கிடையாது. தினம் காலையில எட்டரைக்கு வருவாரு, மரியாதையா நிப்பாரு, ஆனா காசியம்மா விரலை நீட்டினா உள்ளங்கையை விரிச்சு கண்ணாடிக்குக் குறுக்க வெச்சுக்குவாரு.

"வாணாங்க. லைட்டுல பூசிக்கங்க."

"நெத்தி இருக்கறப்ப மூக்குல பூசுவாங்களா சாரு?"

"இது கண்ணாடியே இல்லங்க, பிளாஸ்டிக்கு. தேச்சா கோடு வுழுந்துடும்."

அந்தாண்டப் பக்கம் இருக்கறதெல்லாம் பளிச்சுனு தெரியுது, இதைப் போயி பிளாஸ்டிக்குங்கறானே இந்த மனுசன்னு காசியம்மா வாய்க்குள்ளயே திட்டுவா. பிளாஸ்டிக்குன்னா அவளுக்குத் தெரிஞ்சது குடமும் பக்கெட்டும்தான். தட்டுலேருந்து ஒரு சிட்டிகை எடுத்து நீட்டுவா, அவரு வாங்கி சட்டைப் பையில போட்டுக்குவாரு, நெத்தியில வெக்க மாட்டாரு. ரோட்டோரம் நிக்கிற இருசப்பன், மரவள்ளி லாரிக்கு மூட்டை ஏத்துற ஆளு அவன், இதை ஒரு நாளு விடாம பாத்துக்கினு இருப்பான். பாத்துட்டு ஒண்ணும் பேச மாட்டான். பீடியைக் கீழ போட்டு மிதிச்சுட்டுப் போவான். பேசியிருந்தாக்கூட அவளுக்குத் தேவலாம்.

ஒரு நாளு பொறுக்க மாட்டாம கேட்டுட்டா. "அப்படி இன்னா சாரு அந்தக் கண்ணாடியில? சாமியவிட ஜாஸ்தியா?"

வீரமுத்து வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாரு. கருப்புக் கண்ணாடியைக் கழட்டி இடது கண்ணைக் காட்டினாரு. அது வெள்ளையா, பாக்குறதுக்கு உபயோகம் இல்லாத கண்ணு. உளுந்தூர்பேட்டை ரோட்டுல ஒரு சாயங்காலம் வண்டு ஒண்ணு பறந்து வந்து அடிச்சிருக்கு. அது அடிச்ச வேகத்துல கண்ணு போயே போச்சு. "இன்னொண்ணுதான் மிச்சம் இருக்கு. இந்தத் தடுப்பு இல்லாம வண்டியில ஏறாதன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. இது கெட்டா எனக்கு மலை வேலை இல்ல. தோ, இங்க வந்து பாருங்க."

அவரு காட்டுன இடத்துல, சரியா அவரு வலது கண்ணு உசரத்துல, மூணு கோடு. மூணு வருஷத்துக்கு முன்னால அவரு முதல்முதலா இந்தக் கண்ணாடியோட வந்தப்ப, வேணாம்னு சொல்றதுக்குள்ள வேடியப்பன் இழுத்த பட்டை. திருநீறு அன்னிக்கே போயிடுச்சு, கோடு போகல. "எதுத்தாப்ல லாரிக்காரன் லைட்டு போட்டான்னா மூணு கோடும் எரியுதுங்க, ரோடு தெரியறதில்ல. திருநீத்து மேல எனக்குக் கோவம் இல்ல. கண்ணாடி மேல படிஞ்சிருக்கு பாருங்க தூசு, அது அத்தனையும் பொடி மணலு. உங்க அடுப்புச் சாம்பல்லயும் மணலு இருக்குது. காய்ஞ்ச கையால தேச்சா அதுதான் அறுக்குது."

அன்னிக்கு அவரு துடைக்கிறதையும் அவ பாத்தா. குடத்துத் தண்ணியைக் கேட்டு வாங்கி, நிழலுக்கு வண்டியைத் தள்ளிக்கினு போயி, மேலேருந்து கீழ மெதுவா வழிய விட்டாரு. பழைய வேட்டித் துணியை நனைச்சு, பிழியாம, கண்ணாடி மேல அப்படியே போத்தி வெச்சுட்டு ஒரு பீடி குடிச்சாரு. மறுபடி தண்ணி ஊத்தி, துணியைத் தேய்க்காம தூக்கி எடுத்தாரு. அப்புறம் வேற ஒரு துணியால, மேலேருந்து கீழ, ஒரே போக்குல, கை கனமே இல்லாம இழுத்தாரு. வட்டம் போடல. கிரிசினாயிலு கிடையாது, சோப்புத்தூளு கிடையாது, பெட்ரோலு கிட்டவே வரக்கூடாதாம். "மாட்டுக் கண்ணுல மண்ணு வுழுந்தா தேய்ப்பீங்களா? தண்ணி வுட்டு அதுவா வெளிய வர வெப்பீங்க இல்ல? அதே மாதிரிதாங்க இதுவும்." கோயில் விளக்குக்கே புளி போட்டுச் சாம்பல் போட்டு மாங்கு மாங்குன்னு தேய்க்கிறவ அவ, இந்த மனுசன் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுற மாதிரி பண்றாரேன்னு அவளுக்குச் சிரிப்பு வந்துது. சிரிச்சாலும் வயித்தெரிச்சல் போகல. அவரு கண்ணு அவருக்கு, அவ பொழப்பு அவளுக்கு. தட்டுத் தகராறைப் பத்தி அவருகிட்ட அவ மூச்சு விடல. சொல்லியிருக்கலாம். வெளியாளுகிட்ட பங்காளிச் சண்டையை எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டா.

மாசி அமாவாசையும் வந்துது. அன்னிக்குன்னு பாத்து, காலையில வீரமுத்து வண்டி முனியப்பனுக்கு நேரா வந்து நின்னப்ப கிளச்சு ஒயரு அந்துபோச்சு. மேல மாடுங்களுக்குக் கோமாரி ஊசி முகாம், காத்துக்கினு இருக்காங்க. வேற வழியில்ல. வண்டியை வேப்பமரத்து நிழல்ல நிறுத்திட்டு, வந்த ஜீப்புல தொத்திக்கிட்டாரு. "சாயங்காலம் ஒயரு வாங்கியாரச் சொல்லி மாட்டிக்கறன். பாத்துக்கங்க பூசாரிம்மா. யாரையும் தொட வுடாதீங்க, நீங்களும்தான்"னு ஜீப்புலேருந்து கத்திக்கினே போனாரு.

மரவள்ளி புடுங்குற காலம். லாரி மேல லாரியா இறங்கிச்சு. ரோட்டு ஓரத்துச் செம்மண்ணு எழும்பி எழும்பி வண்டி மேல படிஞ்சு, மத்தியானத்துக்குள்ள கண்ணாடி செவப்புப் பலகை ஆயிடுச்சு. காசியம்மா கிட்டவே போகல. சாயங்காலம் பங்காளிங்க வருவாங்க, முகத்தைக் கழுவிக்கணும், பொங்க வெக்கணும், அவளுக்கு ஆயிரம் வேலை.

நாலு மணிக்கு இருசப்பன் முதல்ல வந்தான். குளிச்சு, நெத்தி நிறைய பூசி, வேட்டி கட்டி, மாப்பிள்ளை கணக்கா. வந்தவன் கண்ணு நேரா புல்லட்டுக்குத்தான் போச்சு.

"இன்னா அண்ணி, கோயிலு எல்லைக்குள்ளயே நிக்குது, அதுக்கும் பட்டை இல்லியா? வருஷம் பூரா இந்த வண்டி உன் கையைத் தட்டி வுட்டுது. இப்ப பாரு, தானா வந்து நிக்குது. இது யாருக்காக வந்து நிக்குதுன்னு தெரியல? பங்காளிங்க வரட்டும், நான் பூசுறன்."

அந்தச் செம்மண்ணு மேல அவன் மூட்டை தூக்குற கையால ஒரு இழுப்பு இழுத்தா அப்புறம் அது கண்ணாடியா? வாயில வந்ததைச் சொன்னா: "அழுக்கு நெத்தியில பூசுவாங்களா? கழுவிட்டு அப்புறம் பேசு."

அதுல அவனுக்கும் தப்பு தெரியல. "சரி, கழுவு"ன்னு மரத்துல சாஞ்சு நின்னான்.

அவ குடத்தை எடுத்தா. நேரத்தை இழுக்கணும்னுதான் ஆரம்பிச்சா, ஆனா தண்ணி வழிய ஆரம்பிச்ச உடனே கை தானா அவரு செஞ்ச மாதிரியே செஞ்சுது. புருஷனோட பழைய வேட்டியைக் கிழிச்சு நனைச்சுப் போத்தினா. போத்திட்டு நின்னா. அந்த நேரம் பாத்து கொளஞ்சியப்பன் முன்னால, பின்னால ஒம்போது பத்து பங்காளிங்கன்னு எல்லாரும் வந்து சேந்தாங்க. ஈரத்துணி போத்தின வண்டியையும் பக்கத்துல குடத்தோட நிக்கிறவளையும் பாத்துட்டு, அபிஷேகம் நடக்குதுன்னு நெனச்சு ரெண்டு பேரு துண்டை இடுப்புல கட்டிக்கிட்டாங்க. ஒருத்தரு கன்னத்துலகூட போட்டுக்கிட்டாரு.

மறுபடி தண்ணி. துணியைத் தூக்கினா, மண்ணு துணியோடயே வந்துடுச்சு. இன்னொரு துணியால மேலேருந்து கீழ இழுத்தா. அந்தாண்ட ரோடு தெரிஞ்சுது, வளைவு தெரிஞ்சுது. அவ என்னவோ தோணி இடது கண்ணை மூடிக்கினு குனிஞ்சு பாத்தா. ரோட்டுக்குக் குறுக்க மூணு கோடு. அவ புருஷன் கையி. ஒரு லாரி பகல்லயே லைட்டைப் போட்டுக்கினு வளைவுல திரும்பிச்சு. கோடு மூணும் எரிஞ்சுது, ரோடு காணாம போச்சு. இப்படியா தினமும் இந்த மனுசன் மலை ஏறி இறங்குறாரு?

கொளஞ்சியப்பன் தொண்டையைச் செருமினாரு. "காசி, இருசப்பன் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். இந்த வண்டி உன் கையால வாங்கல. இப்ப சாமி எதுக்க நிக்குது, கழுவியும் வெச்சிருக்க. எங்க கண்ணு முன்னால நீயே பூசிடு. பேச்சு முடிஞ்சுபோச்சு, தட்டு உன்னுது. இன்னாடா இருசா?"

இருசப்பன் கையைக் கட்டிக்கிட்டு நின்னான். பெரியவரு வார்த்தை.

பாருங்க, அவ வருஷம் பூரா எதுக்குத் தவிச்சாளோ அது வீட்டு வாசல்ல வந்து நிக்குது. மூணு விரலு, ஒரு இழுப்பு. தட்டை எடுத்தா. விரலைச் சாம்பல்ல தொட்டா. தொட்ட விரலுக்கு நடுவுல நறநறன்னு ஒரு மணலு உருண்டுது. அடுப்பு அவளுது, சலிச்சது அவ, அந்தச் சல்லடை ஓட்டை எவ்வளவு பெருசுன்னு அவளுக்குத் தெரியும். கை கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்துல நின்னுபோச்சு.

"மாமா, கண்ணாடிக்கு வாணாம். டேங்கு மேல பூசறன்."

"வயித்துலயா பட்டை போடுவாங்க?"ன்னு ஒரு பங்காளி கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க.

"அந்த சாருக்கு ஒரு கண்ணுதான் மாமா. இதுல கோடு வுழுந்தா அவருக்கு வழி தெரியாது."

"சாமி பட்டை போட்டு எவன் கண்ணு கெட்டுது? இன்னா பேச்சு பேசற?" கொளஞ்சியப்பனுக்கு நெசமாவே கோவம் வந்துடுச்சு. அவரு அவளுக்கு நல்லதுதான் செய்யப் பாத்தாரு, அதை அவ தள்ளி வுட்டா மனுசனுக்குக் கோவம் வராதா?

"அவளால முடியாது. இப்படிக் குடு அண்ணி"ன்னு இருசப்பன் தட்டுல கையை வுட்டான். விரல் நிறைய அள்ளிக்கிட்டு கண்ணாடிக்கு நேரா போனான். அவ தட்டைக் கீழ போட்டுட்டு, கையை விரிச்சு கண்ணாடிக்குக் குறுக்க வெச்சுட்டா. அவன் இழுத்த இழுப்பு அவ புறங்கையில வுழுந்துது. மூணு கோடு, வெள்ளை வெளேர்னு.

இருசப்பனே ஒரு அடி பின்னால போனான்.

அந்தக் கோயில்ல தட்டு கை மாறுறதுக்குப் பத்திரம் கிடையாது, சாட்சிக் கையெழுத்து கிடையாது. சாமி எதுக்க நின்னு, பழைய பூசாரி அடுத்தவன் கையால திருநீறு வாங்கிக்கினா தட்டு அவனுது, அவ்வளவுதான் வழக்கம். வேடியப்பனைக் கயித்துக் கட்டிலோட இங்க தூக்கியாந்து, அவன் நெத்தியில காசியம்மாவைப் பூசச் சொன்னாங்களே, அப்படித்தான் அவளுக்கும் வந்துது. பூசாரியா இருக்கறவ தன் உடம்புல அடுத்தவன் கைத் திருநீறை அந்த மரத்தடியில வாங்கவே கூடாது. அவளுக்கு இது தெரியாம இல்ல. கையை நீட்டின அப்ப ஞாபகம் இருந்துதான்னு அவளையே கேட்டாலும் சொல்லத் தெரியாது.

கொளஞ்சியப்பன் அந்தக் கையைப் பாத்தாரு. அப்புறம் கீழ கிடந்த தட்டை எடுத்து, துண்டால துடைச்சு, இருசப்பன்கிட்ட குடுத்தாரு. "வாங்கிக்கினா. நாங்க எல்லாரும் பாத்தோம்." குரல்ல சந்தோசம் ஒண்ணும் இல்ல. இருசப்பன் ரெண்டு கையாலயும் வாங்கினான், அண்ணி முகத்தைப் பாக்கல. நாலு பேரு நாலு விதமா பேச ஆரம்பிச்சாங்க. பொங்க வெச்ச அடுப்பு புகைஞ்சுக்கினு இருந்துது, யாரும் கவனிக்கல.

ஆறு மணி இருக்கும், வீரமுத்து ஜீப்புல வந்து இறங்கினாரு. கையில ஒயரு. வண்டியைப் பாத்ததும் முகம் மாறிச்சு. "தொடாதீங்கன்னு சொன்னனே!" கிட்ட ஓடி வந்து, குனிஞ்சு, மிச்சம் இருந்த வெளிச்சத்துல கண்ணாடியை இப்படியும் அப்படியும் சாய்ஞ்சு பாத்தாரு. பழைய மூணு கோடு இருந்துது. புதுசா ஒரு முடி அளவுகூட இல்ல. நிமிந்தாரு.

"யாருங்க கழுவுனது?"

"நான்தான்."

"என்னைவிட நல்லா கழுவியிருக்கீங்களே!" நெசமாவே ஆச்சரியப்பட்டாரு. ஒயரை மாட்டினாரு, கிளச்சைப் புடிச்சுப் பாத்தாரு, வண்டியை ஸ்டார்ட் பண்ணாரு. கிளம்புவாருன்னு பாத்தா, அணைச்சுட்டு இறங்கினாரு. கருப்புக் கண்ணாடியைக் கழட்டிட்டு, செருப்பையும் கழட்டிட்டு, அவ எதுக்க வந்து தலையைக் குனிஞ்சாரு. இத்தனை வருஷத்துல அவரு இப்படி நின்னதே இல்ல.

"எனக்கு வெச்சு வுடுங்க பூசாரிம்மா."

காசியம்மா கையை முந்தானைக்குள்ள இழுத்துக்கிட்டா.

"தட்டு இப்ப அவருகிட்டங்க சாரு. அவருகிட்ட வாங்கிக்கங்க."

"இல்லங்க. உங்க கையாலதான் வேணும்"னு அவரு குனிஞ்ச தலையை நிமிராம, இருந்த ஒத்தக் கண்ணையும் மூடிக்கினு நின்னாரு. இருசப்பன் தட்டோட மரத்தடியில அசையாம நின்னான். அவ காலிக் குடத்தை இடுப்புல எடுத்து வெச்சுக்கினு ரோட்டைத் தாண்டிப் போயிட்டா. அவரு இன்னும் அப்படியே நின்னுக்கினு இருந்தாரு.